ஹஜ் பயணம்: அரஃபாவில் மலை ஏறியே ஆகணுமா?

ஹஜ் போகிறவர்கள் மக்கா, மினா, அரஃபா, முஸ்தலிஃபா என பல இடங்களுக்குச் செல்ல வேண்டும். இதில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த வருட ஹஜ்ஜே நிறைவேறாது. அதுதான் அரஃபா.

எப்போது போகணும்?

துல்ஹஜ் மாதம் 9-ம் நாள். நண்பகல் முதல் சூரியன் மறையும் வரை அங்கே தங்கி துஆ செய்வார்கள். பகலில் வர முடியாதவர்கள் அன்றிரவு, மறுநாள் வைகறைக்குள் வந்துவிட்டாலும் போதும். மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளைக்கூட சவுதி அரசு ஆம்புலன்ஸில் அழைத்துவருவது இதனால்தான்.

மலை ஏறணுமா?

தேவையில்லை. அங்குள்ள ஜபலுர் ரஹ்மா குன்றில் ஏறுவது கடமை என்று பலர் நினைக்கிறார்கள். அரஃபா எல்லைக்குள் எங்கே இருந்தாலும் சரி, கூடாரத்துக்குள் இருந்தாலும் ஹஜ் கூடும்.

எதில் கவனம் தேவை?

எல்லையில்தான். நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி அரஃபாவுக்கு வெளியே இருக்கிறது. அங்கே தொழுதுவிட்டு, கட்டாயம் உள்ளே வந்துவிட வேண்டும். எல்லையைக் காட்ட மஞ்சள் நிறப் பலகைகள் இருக்கும்.

ஏன் இதைச் சொல்கிறோம்?

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். தங்க நிழல்கூட இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

உங்க வீட்டுப் பெரியவங்க ஹஜ்ஜுக்குக் கிளம்புறாங்களா? மலை ஏற வேண்டாம், கூடாரத்திலேயே துஆ செய்யலாம்னு இப்பவே சொல்லிடுங்க.