ஈரல் படமும் இயந்திரம் கூறும் காரணமும்

கல்லீரலில் தோன்றும் முதன்மைப் புற்றுநோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோய் உள்ளவரிடம், பெரும்பாலும் சதை எடுத்துச் சோதிக்காமலேயே, படத்தைக் கொண்டே அதனை உறுதி செய்கின்றனர். மாற்று ஈரல் பொருத்துவதா என்பதுகூட அப்படத்தைச் சார்ந்து முடிவாகலாம்.

ஈரல் தனக்குரிய இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரை வழியே பெறுகிறது. புற்றுக்கட்டியோ பெரிதும் தமனியை நம்பி வளர்கிறது. ஆகவே, சிரையில் செலுத்தும் சாயமருந்து முதலில் கட்டியைப் பளிச்சிடச் செய்கிறது. பின்னர் கட்டி சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிவிடுகிறது. உறை போன்ற வளையமும் கட்டியின் அளவும் மற்றைய சான்றுகள். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2011இல் வெளியிட்ட 'லை-ராட்ஸ்' முறை இவற்றையே வகுத்துரைக்கிறது.

அவ்வாறிருக்க, செயற்கை நுண்ணறிவு "இது புற்று" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் எதைக் கொண்டு ஏற்பார்? கணினி எங்கே நோக்கியது என்பதை நிறத்தால் காட்டும் வெப்ப வரைபடங்கள் உண்டு. அவை இடத்தைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைச் சொல்லா. கட்டியின்மேல் சிவப்புப் பூசுவதை விளக்கம் என்பது மிகை. 2019இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி கண்டனர். 494 ஈரல் கட்டிகளின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு உருவாக்கிய கணினி முறையை, மருத்துவர் அறிந்த அதே அடையாளங்களைப் பெயர் சொல்லிக் காட்டச் செய்தனர். சரியாக இனங்கண்ட கட்டிகளில் அடையாளங்களும் சுமார் 86 விழுக்காடு சரியாயிருந்தன. பிழைபட்ட கட்டிகளிலோ 60 விழுக்காடே. மங்காத கட்டியை மங்கியதாகக் கணினி கூறுமாயின், மருத்துவர் படத்தைப் பார்த்து அக்கணமே மறுக்க இயலும்.