அஞ்சடிக்கு எந்தக் கொடி?

தோழர்களே, மேற்குப் பார்த்த லயத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அஞ்சடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே தகரம், கீழே சிமெந்து. நடுவில் மனுஷன் அவிகிறான். பால் வெட்டிவிட்டோ குலை அறுத்துவிட்டோ வந்தவன் கொஞ்சம் காலை நீட்ட முடியாது. கொடி போட்டால் நிழல் கிடைக்கும். எந்தக் கொடி என்பதில்தான் ஏமாந்து போகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். நான் நட்டது ரங்கூன் மல்லி. மலாய்க்காரர்கள் 'ஆக்கார் டானி' என்பார்கள். அந்தியில் வெள்ளையாய்ப் பூத்து, பிறகு ரோஜா நிறமாகி, கடைசியில் நல்ல சிவப்பாகும். வாசனைக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு மரமாகிவிட்டது. ஒரு ராத்திரி பெருமழையில் நனைந்த கொடியின் பாரம் தாங்காமல் தூண் சாய்ந்து, தகரம் தொங்கிவிட்டது. அம்மா பகலெல்லாம் உட்காரும் இடம் அது!

"பூவுக்கு ஆசைப்பட்டு என்னைக் கொல்லப் பார்த்தியேடா, சோத்துக்கு ஆகிறதா ஒண்ணு போடு" என்றார். விடிந்ததும் பாராங்கை எடுத்தேன்.

அம்மா சொல்லி ஊன்றியது சிறகவரை. நாம் 'காச்சாங் போத்தோல்' என்று சந்தையில் வாங்குவதுதான். பால்மரக் கன்றுகளுக்கிடையே நிலத்தை மூடப் போடுகிற கொடிகளைப் போல இதுவும் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். உரம் அதிகம் கேட்காது. பிஞ்சைச் சம்பாலோடு பச்சையாகவே கடிக்கலாம். இளந்தழை, பூ, கிழங்கு எல்லாமே கறிக்கு ஆகும். விதைத்தோல் கெட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றுங்கள்.

கொடியைத் தூணில் மட்டும் ஏற்றாதீர்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி மூங்கில் நட்டு, கயிறு கட்டிவிடுங்கள். பலகைச் சுவரில் கொடி ஒட்டினால் ஈரம் தங்கும், கரையான் வரும். அடர்ந்த தழையை அப்பப்போ கழித்துவிட வேண்டும். பாம்பு வந்து படுத்தாலும் தெரியாது. கொடியடியில் சட்டி, டின் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

பாகலும் போடலாம், பிஞ்சுக்குத் தாள் சுற்றாவிட்டால் பழ ஈ விடாது. பூதான் வேண்டுமென்றால் சங்குப்பூ நல்லது, பாரமில்லாத கொடி.

முற்றிய காய்களை அம்மா கொடியிலேயே காயவிட்டு, விதையைத் துணியில் முடிந்துவைத்தார். இப்போது எங்கள் லயத்தில் நாலு வீட்டு அஞ்சடியில் அந்த விதைதான் ஏறி நிற்கிறது.