வாடகை ஆதனக் காப்புறுதியும் வருமான வரியும்

சேமலாப நிதியைக் கொண்டோ, மத்திய கிழக்கில் பல்லாண்டுகள் உழைத்தோ கட்டிய வீட்டை அல்லது கடையறையை வாடகைக்கு விட்டு வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. ஆண்டுதோறும் நவம்பர் 30ஆம் திகதிக்குள் வருமானவரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும் வேளையில், இவர்களுள் பலர் ஆதனத்துக்குச் செலுத்திய காப்புறுதிக் கட்டணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகைக்கு வழங்கப்படும் 25 சதவீத நிவாரணத்தில் எல்லாச் செலவுகளும் அடங்கிவிட்டன என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அந்த நிவாரணத்தைத் திருத்தவேலை, பராமரிப்பு, தேய்மானம் ஆகிய மூன்றுக்காகவே வழங்குகின்றது. அதனைப் பெறுபவர் அதே திருத்தவேலைச் செலவை மீண்டும் கழிக்க முடியாது. ஆனால் காப்புறுதி அம்மூன்றினுள் குறிப்பிடப்படவில்லை. வருமானத்தை ஈட்டுவதற்காக ஏற்பட்ட செலவு, அவ்வளவுக்குக் கழிக்கப்படலாம் என்ற சட்டத்தின் பொது விதியின் கீழேயே அது நோக்கப்பட வேண்டும்.

உதாரணமாக, மாதம் 80,000 ரூபா வாடகை பெறுபவரின் ஆண்டு வாடகை 960,000 ரூபாவாகும். நிவாரணம் 240,000 ரூபா. காப்புறுதிக் கட்டணம் 30,000 ரூபாவாயின் எஞ்சுவது 690,000 ரூபா. அவருடைய ஏனைய வருமானத்துடன் சேர்ந்து இத்தொகை 18 சதவீத வரிப்படியில் அமையுமானால், அந்தக் கட்டணத்தைக் கழிப்பதால் 5,400 ரூபா மீதமாகும்.

எனினும் எல்லைகள் உண்டு. கீழ்மாடியை வாடகைக்கு விட்டு மேல்மாடியில் தாமே வசிப்பவர், வாடகைப் பகுதிக்குரிய பங்கை மாத்திரமே கழிக்கலாம். சொந்த ஆயுட்காப்புறுதியும் வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கான காப்புறுதியும் தனிப்பட்ட செலவுகளாகும். வாடகை இழப்புக்காகக் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு வழங்கினால் அதுவும் வாடகையைப் போன்றே வருமானமாகக் கொள்ளப்படும். ஆதனத்தின் பெயரிலான பற்றுச்சீட்டும் காப்புறுதிப் பத்திரமும் கைவசம் இருத்தல் அவசியம். சந்தேகமிருப்பின் கணக்காளரிடமோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ கேட்டறிதல் நன்று.

வரியில் மீதமாகும் சில ஆயிரங்களைவிடப் பெரிய விடயம் ஒன்றுள்ளது. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் எரிந்த கடைகளை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த வெள்ளமும் மண்சரிவும் எத்தனையோ வீடுகளை அழித்தன. அத்தகைய அழிவை 25 சதவீத வரி நிவாரணம் ஈடுசெய்யாது. வெள்ளத்துக்கும் கலவரத்துக்குமான காப்பு, சாதாரண தீக்காப்புறுதியில் தானாகவே அடங்கிவிடுவதுமில்லை. அவற்றை மேலதிகமாகக் கேட்டுப் பெறவேண்டும்.

எனவே, விபரத்திரட்டை நிரப்ப அமரும்போது காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்து வாசிக்குமாறு ஆதன உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். கழிக்க வேண்டியதைக் கழிப்பதற்கும், காக்க வேண்டியது காக்கப்பட்டுள்ளதா என்று அறிவதற்கும் அதுவே தக்க தருணமாகும்.