வேலிப் பொட்டும் இரும்புக் கேற்றும்: தீவகத்து நாய்கள் அன்றும் இன்றும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் பழைய வளவுகளுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. மனிதருக்குப் படலை; நாய்க்கு வேலிப் பொட்டு. கிடுகு வேலியின் அடியில், போய் வந்து போய் வந்து நாய் தானாகவே உண்டாக்கிக்கொண்ட வாசல் அது. வேலி அடைக்கும் காலத்தில் பழைய கிடுகைக் கழற்றிப் புதுக் கிடுகு கட்டுவார்கள். அடுத்த கிழமையே பொட்டு பழைய இடத்தில் திரும்ப விழுந்துவிடும். நாய் ஒரு வீட்டில் சாப்பிடும், இன்னொரு வளவில் படுக்கும், ஒழுங்கை முழுவதற்கும் காவல் நிற்கும். வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ “இது ஆற்றை நாய்?” என்று கேட்டால் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் அதற்குச் சோறு வைத்த கைகள் நாலைந்து வீடுகளில் இருக்கும்.

இன்று படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற். வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில். மதிலில் பொட்டு விழாது. நாய்களும் இரண்டு வகையாகப் பிரிந்துவிட்டன: கேற்றுக்கு உள்ளே இருப்பவை, வெளியே நிற்பவை. உள்ளே இருப்பதற்கு முன்னெப்போதும் கிடைக்காத சீராட்டு. வெளியே நிற்பதற்கு முன்பு கிடைத்த சோறும் இல்லை. உள்ளே இருக்கும் நாயின் மேல் நாம் வைத்திருக்கும் அன்பு கேற்றைத் தாண்டி வெளியே வரவேண்டும். அதற்கு வழிகளும் இருக்கின்றன.

சோறு வைத்த காலம்

அன்று இராச் சாப்பாடு முடிந்து சட்டி பானை கழுவுமுன் அம்மாமார் கேட்கும் கடைசிக் கேள்வி, “நாய்க்குச் சோறு வைச்சாச்சோ?” என்பதுதான். மிஞ்சிய சோறு, மீன் முள்ளு, சொதியின் அடி. எல்லாவற்றையும் குழைத்துப் பழைய மண்சட்டியிலோ சிரட்டையிலோ வைப்பார்கள். கடற்கரையில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது நாய்கள் தூரத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். விலைபோகாத சின்ன மீன் அவற்றின் பங்கு.

பெயர் வைப்பதிலும் ஒரு பாசம் இருந்தது. கறுப்பன், வெள்ளையன், வீமன், ரைகர், ஜிம்மி என்று ஊர் முழுக்க ஒரே பெயர்கள் கேட்கும். நாய்க்குப் பெயர் வைத்து மதிப்பது தமிழருக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் திருவண்ணாமலைப் பக்கத்தில், எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்ற நாயை அதில் வீரனோடு சேர்த்துச் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் நாயை வைரவரின் வாகனமாகக் கும்பிட்டோம். வைரவர் கோயில் இல்லாத குறிச்சியைக் காண்பது அரிது. வடைமாலை சாத்திப் பூசை முடியும்வரை வாசலில் நாய்கள் காத்திருக்கும்.

மற்ற உயிர்களுக்கும் முன்னோர் இடம் ஒதுக்கினார்கள். வழியோரத்தில் மடம் கட்டியவர்கள் பக்கத்தில் கேணி வெட்டினார்கள், மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நட்டார்கள், தண்ணீர் குடிக்கத் தொட்டி கட்டினார்கள். நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் குதிரை லாயத்தின் இடிபாடும் இன்றும் நிற்கின்றன. அங்கே வெள்ளைக்காரர் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை இன்றும் வெளியில் மேய்கின்றன. கோடையில் தண்ணீருக்கு அலைகின்றன. மாட்டுக்குக் கல் இருந்தது, புறாவுக்குக் கூடு இருந்தது, குதிரைக்கு லாயம் இருந்தது. வீட்டைக் காத்த நாய்க்கு மட்டும் ஊர்ப் பொதுவில் ஓர் இடம் இருக்கவில்லை.

அன்றைய குறைகள்

பழைய காலத்தைப் புகழும்போது அதன் கொடுமையை மறைக்கக் கூடாது. குட்டி எடுக்கும்போது கடுவன் குட்டியைத்தான் தேடுவார்கள். பிடரியில் தூக்கிப் பார்த்து, கத்தாத குட்டி நல்ல காவல்நாய் என்பார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ ஆளில்லாக் கரையிலோ விட்டுவிட்டு வருவார்கள். கண் திறந்து சில நாள்கூட ஆகாத குட்டிகள் அவை.

அடுத்தது விசர். விசர்நாய்க் கடியின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பில்லை என்பது அன்றும் இன்றும் மாறாத உண்மை. 1973 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அந்தப் பயத்தில், சட்டத்தின் பலத்தோடு, நாய்களைப் பிடித்துக் கொல்வதே தீர்வாக இருந்தது. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893 இலேயே வந்துவிட்டது. சுருக்குக் கம்பியோடு வரும் நாய் பிடிகாரரைக் கண்டால் பிள்ளைகள் தங்கள் நாயை அறைக்குள் ஒளித்துவைத்தார்கள்.

கொன்றதால் நோய் போகவில்லை. வெற்றாகும் இடத்துக்குப் புது நாய்கள் வரும். அவற்றுக்குத் தடுப்பூசி இராது. இதைக் கண்டுதான் சென்னையில் கப்டன் வி. சுந்தரம் 1959 இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திரும்ப விடும் முறையை வற்புறுத்தியது. சென்னை மாநகராட்சி அதை 1996 இல் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் 2006 இல் நாய்களைக் கொல்லக் கூடாது என்ற கொள்கை வந்தது. நாய்களுக்கான தடுப்பூசி பரவியதாலும், கடிபட்டவருக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாக ஊசி கிடைப்பதாலும், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் இருந்த மரணம் இன்று சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது.

1990இற்குப் பிறகு

தீவகத்தின் கதையில் ஒரு பெரிய வெட்டு விழுந்தது 1990 இல். அந்த ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குடாநாட்டுக்குள் ஓடியது. மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்கள். நாயை என்ன செய்வது? சில நாய்கள் போகிறவர்களின் பின்னால் பாதித் தூரம் ஓடிவந்து நின்றன. வீட்டைக் காக்கப் பழகியவை ஆளில்லா வீட்டையும் காத்துக்கொண்டு கிடந்தன. 1995 ஒக்ரோபர் 30 இல் போரினால் குடாநாட்டின் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோதும் இதே காட்சிதான்.

திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சுவிஸிலும் லண்டனிலும் தங்கியவர்கள் அதிகம். புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் கூரையில்லாத வீடுகளுக்குள் கட்டாக்காலி நாய்கள் குட்டி போடுகின்றன. சோறு வைத்த நாலைந்து வீடுகளில் மூன்று பூட்டிக்கிடக்கின்றன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில், சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கும் பயணிகளின் காலடியில் நிற்கும் நாய்களைப் பாருங்கள். பெட்டை நாய்களின் மடி தொங்கும். விலா எலும்பு தெரியும். ஒரு பெட்டை நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இரு முறைவரை குட்டி போடும். கருத்தடை செய்யாத ஒரு நாயால் ஓர் ஊரே நிரம்பும்.

உள்ளே இருக்கும் செல்லம்

கேற்றுக்கு உள்ளே வேறு உலகம். ஜேர்மன் ஷெப்பேட், லாப்ரடோர், பொமரேனியன். பிஸ்கற், ஷாம்பு, கழுத்துப்பட்டி, பிறந்தநாள் கேக். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயில்லாச் சீவனைச் சீராட்டுவது நல்ல குணம். அதை அதற்குப் பிடித்த மாதிரியும் உடம்புக்கு ஒத்த மாதிரியும் செய்தால் போதும்.

கறி குழைத்த சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். சொக்கிலேற்றும் முந்திரிகைப்பழமும் நஞ்சு. உப்பும் தூளும் இல்லாமல் அவித்த மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சோற்றோடும் பூசணிக்காயோடும் குழைத்துக் கொடுங்கள். சித்திரை வெயிலில் உப்பில்லா மீன் அவித்த தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் கட்டியாக்கி வைத்தால், நாய் அதை மணித்தியாலக் கணக்காக நக்கி விளையாடும். பழைய சேலையைப் பின்னி முடிச்சுப் போட்டால் இழுத்து விளையாடக் கயிறு. தேங்காய்ப் பொச்சு மட்டைக்குள் ஒரு துண்டு மீனை ஒளித்துவைத்தால் மூக்குக்கும் மூளைக்கும் வேலை.

வேலணையில் சாட்டிக் கடற்கரையோ காரைநகரில் கசூரினாவோ அருகில் இருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு கூட்டிப்போங்கள். புறங்கையை மணலில் ஐந்தாறு வினாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காதைத் துடைத்து, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நாளெல்லாம் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாய்க்கு இந்த ஒரு மணித்தியாலம்தான் உண்மையான திருவிழா.

சீராட்டைப் பகிரும் வழி

எங்கள் மக்களிடம் அருமையான வழக்கம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ, தாய் தகப்பனின் ஆண்டுத் திதிக்கோ, ஊரில் சிறுவர் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்த வழக்கத்தின் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் நாய்களையும் தொட்டுவிடலாம். நயினாதீவு அம்மன் கோயிலுக்கு வருகிற அடியார் பசியோடு திரும்பக் கூடாது என்று அன்னதானம் நடத்தும் மண் இது. வைரவருக்கு வடைமாலை சாத்தும் நாளில் அவருடைய வாகனத்துக்கு ஒரு மூடை அரிசி கொடுப்பதும் வழிபாடுதான்.

கொடுக்க இடமும் இருக்கிறது. கலாநிதி ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை, கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியில் நாய்கள் சரணாலயம் ஒன்றை அமைத்திருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் முதியவர்களுக்கு இல்லமும் நடத்தும் அதே அறக்கட்டளை, கைவிடப்பட்ட நாய்க்கும் கூரை போட்டது. ஊர்ப் பொதுவில் நாய்க்கு இடமில்லை என்ற பழைய குறைக்கு வடக்கில் கிடைத்த பெரிய பதில் இது. தெற்கில் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க் அமைப்பு, பொருள்களை விற்று வரும் பணத்தைத் தெருநாய்களின் நலனுக்குச் செலவிட்டு, வளர்ப்பு வீடும் தேடிக்கொடுக்கிறது.

காசு மட்டும் உதவியல்ல. பழைய சேலை, படுக்கை விரிப்பு, சாக்கு ஆகியவை காப்பகத்து நாய்க்குப் படுக்கையாகும். சந்தையில் மிஞ்சும் மீன் தலை சாப்பாடாகும். பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போனால் குளிப்பாட்டலாம், உண்ணி எடுக்கலாம், நடத்திக்கொண்டு போகலாம். கைத்தொலைபேசியில் நல்ல படம் எடுக்கத் தெரிந்த இளைஞர், ஒவ்வொரு நாயின் முகத்தையும் குணத்தையும் படத்தோடு பகிர்ந்தால் அதற்கு ஒரு வீடு கிடைக்கக்கூடும். வெளிநாட்டில் இருப்பவர் ஒரு நாயின் மாதச் செலவைப் பொறுப்பேற்கலாம். உங்கள் நாயின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குமுன், அதே பெறுமதியை ஒரு காப்பக நாய்க்கு ஒதுக்குங்கள்.

தீவுக்குரிய வாய்ப்பு

இதற்கெல்லாம் மேலாகத் தீவகத்துக்கு மட்டும் வாய்த்த ஒன்று இருக்கிறது: கடல். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகை விட்டால் வேறு வழியில்லை. வெளியிலிருந்து நாய் தானாக நடந்து வர முடியாத ஊரில், இருக்கிற நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்துவிட்டால் பலன் நிலைக்கும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் விசர்நோய் பரவும் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீவு நாடான யப்பான் 1957 முதல் நாய்களில் விசர்நோய் இல்லாத நாடாக இருக்கிறது. கவனமின்மைக்கும் பாடம் உண்டு: இந்தோனேசியாவில் விசரே இல்லாதிருந்த புளோரஸ் தீவுக்கு 1997 இல் மீனவர்கள் படகில் கொண்டுவந்த நாய்களோடு நோய் வந்தது. 2008 இல் பாலித் தீவும் அதற்குப் பலியானது.

ஆகவே தீவகப் பிரதேச சபைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் கால்நடை வைத்தியர்களும் ஒன்றுசேர்ந்து, தீவுக்குத் தீவு கணக்கெடுத்து இதைச் செய்யவேண்டும். கருத்தடை முகாமுக்கு ஒரு கால்நடை வைத்தியரும் மருந்தும் படகுச் செலவும் தேவை. ஊர்ச் சங்கம் வைத்திருக்கும் புலம்பெயர் உறவுகள் கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் மனமுவந்து கொடுக்கிறவர்கள். அதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை சில. உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுங்கள். பெட்டை நாயானால் கருத்தடை செய்யுங்கள். குட்டியைச் சாக்கில் கட்டி எங்கும் விடாதீர்கள். யாரையும் நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கேற்றுக்கு வெளியே ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். அடுத்த கொண்டாட்டத்தில் ஒரு பங்கைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். நாயின் நன்றியைப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். அந்த நன்றிக்குக் கைமாறு செய்யும் முறை இப்போது எங்களுடையது.