டீசல் மீட்டரும் திரைக்கதையும்

படம் முடியுமா, பாதியில் முடங்குமா என்பது டைரக்டருக்கும் முன்பே தெரிந்துவிடுவது தயாரிப்புக் கணக்காளருக்குத்தான். அதற்கு பி.காம் மட்டும் போதாது.

மும்பை கோரேகாவ் பிலிம் சிட்டியில் ஓர் இரவுப் படப்பிடிப்பு. மழைக் காட்சி. தண்ணீர் டேங்கர்கள் வரிசையில் நிற்கின்றன, யூனிட் மொத்தமும் மானிட்டரைச் சுற்றி மொய்த்திருக்கிறது. ஒருவர் மட்டும் ஜெனரேட்டர் வண்டியின் பின்னால் குனிந்து, அது ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். மாலையில் குறித்த எண்ணைக் கழித்தால், டீசல் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பது தெரிந்துவிடும். நாளைக்கு வரும் பில்லில் மூன்று மணி நேரம் கூடுதலாக இருந்தால் வாதாட அவர் கையில் ஆதாரம் இருக்கும்.

இவர்தான் தயாரிப்புக் கணக்காளர். படத்தின் கடைசியில் ஓடி மறையும் பெயர்ப் பட்டியலில், தியேட்டர் பாதி காலியான பிறகு வருகிற பெயர் இவருடையது.

ஒரு காலத்தில் இந்தி சினிமாவில் இந்த வேலையைச் செய்தவர் முனீம்ஜி. கையில் ரொக்கப் பை, மடியில் சிவப்பு அட்டை பேரேடு. பணம் வட்டிக் கடைக்காரரிடமிருந்தோ வைர வியாபாரியிடமிருந்தோ பெரும்பாலும் ரொக்கமாக வந்தது, ரொக்கமாகவே போனது. வங்கிகள் சினிமாவுக்குக் கடன் தரவில்லை. எனவே கணக்கைப் பார்க்கக் கேட்கவும் ஆளில்லை. 1998 மே மாதம் மும்பையில், அப்போதைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தார். அதன் பிறகு ஐ.டி.பி.ஐ. போன்ற நிறுவனங்கள் கடன் கொடுக்க முன்வந்தன. கடன் கொடுப்பவர் முதலில் கேட்டது பட்ஜெட்டை. அடுத்துக் கேட்டது, அந்த பட்ஜெட்டில் இதுவரை எவ்வளவு கரைந்தது என்பதை. முனீம்ஜிக்கு இரண்டாவது கேள்வி புதிது.

இன்றும் இந்த வேலையில் திறமைசாலியையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுவது அந்த இரண்டாவது கேள்விதான்.

கற்பனையாக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்புக்கு மட்டும் ரூ. 6 கோடி. 40 நாளில் 100 காட்சிகள் எடுக்கத் திட்டம். அதாவது நாளுக்கு ரூ. 15 லட்சம். 20-ம் நாள் இரவு கம்ப்யூட்டரில் டாலியைத் திறந்தால், கொடுத்த பணம் ரூ. 2.70 கோடி. பாதி நாள் ஓடிவிட்டது, 3 கோடி ஆகியிருக்க வேண்டும். 30 லட்சம் மிச்சம் என்று தயாரிப்பாளர் மகிழ்ந்துபோவார். புதிதாக வந்த கணக்காளரும் மகிழ்ந்துபோவார்.

அனுபவசாலி மகிழ மாட்டார். செட் போட்டதற்கு ரூ. 35 லட்சம் பில் இன்னும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். கேமரா, விளக்கு வாடகை ரூ. 40 லட்சம் கடனில் நிற்கிறது. ஆக உண்மைச் செலவு 3.45 கோடி. அதைவிட முக்கியம், 50 காட்சி முடிந்திருக்க வேண்டிய இடத்தில் 40 தான் முடிந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் மீதி 60 காட்சிக்கு 20 நாள் போதாது, 30 நாள் வேண்டும். செட் செலவு மறுபடி வராது என்று தள்ளிவிட்டாலும் நாளுக்கு 15.5 லட்சம் ஆகிறது; 30 நாளுக்கு 4.65 கோடி. மொத்தம் 8.10 கோடி. 30 லட்சம் மிச்சம் காட்டிய புத்தகத்துக்குள் 2 கோடிக்கு மேல் பள்ளம் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனால் எத்தனை காட்சி முடிந்தது என்ற தகவல் எந்த வவுச்சரிலும் இருக்காது. அதற்குத் திரைக்கதையைப் படிக்க வேண்டும், கால்ஷீட்டைப் பார்க்க வேண்டும், உதவி இயக்குநரின் தினசரி அறிக்கையை இரவோடு இரவாக வாங்க வேண்டும். "கிராமத் திருவிழா, கூட்டம்" என்று எழுத்தாளர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் 300 துணை நடிகர்கள், அவர்களுக்கு உடை, சாப்பாடு, பஸ், ஒரு வேளை யானை கூட இருக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வணிகவியல் கல்லூரிகளில் இது பாடமாக வருவதில்லை.

20-ம் நாளில் சொன்னால் ஏதாவது செய்யலாம்: இரண்டு காட்சிகளை ஒன்றாக்கலாம், வெளியூர்ப் படப்பிடிப்பைக் குறைக்கலாம், நட்சத்திரத்திடம் தேதி கேட்டுப் பேசலாம். 40-ம் நாளில் சொன்னால் தயாரிப்பாளருக்கு மிஞ்சுவது வீட்டுப் பத்திரம்தான். ராஜ் கபூர் ஆண்டுக்கணக்கில் எடுத்து 1970ல் வெளியிட்ட 'மேரா நாம் ஜோக்கர்' தோற்றபோது அவர் கடனில் மூழ்கினார். 1973ல் 'பாபி' வந்து காப்பாற்றியது. எல்லோருக்கும் ஒரு 'பாபி' வாய்ப்பதில்லை.

திட்டமிட்டு எடுப்பதற்கு மும்பை இன்றும் காட்டும் உதாரணம் 'லகான்' (2001). நட்சத்திரங்களின் தேதிக்கேற்பத் துண்டு துண்டாகப் படமெடுப்பது வழக்கமாக இருந்த நாளில், குஜராத்தின் புஜ் அருகே முழு யூனிட்டையும் மாதக்கணக்கில் தங்கவைத்து, ஒரே மூச்சில் படப்பிடிப்பு நடந்தது. எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசராகப் பொறுப்பேற்ற ரீனா தத்துக்கு அதற்கு முன் சினிமா அனுபவம் கிடையாது.

அடுத்தது, கண். 200 பேருக்கு பில் வந்தால் செட்டில் 200 தலை இருந்ததா? மதியச் சாப்பாட்டுத் தட்டுகளின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகிறதா? செட்டைப் பிரித்த பிறகு பிளைவுட் எங்கே போனது? மேஜையில் உட்கார்ந்தபடி இவற்றுக்கு விடை கிடைக்காது. அதற்காக எல்லோரையும் திருடர்களாகப் பார்ப்பவரும் இந்த வேலையில் நீடிப்பதில்லை. நடு இரவில் அறுந்துபோன கயிற்றுக்குப் பக்கத்து ஊர்க் கடையைத் தட்டி எழுப்பி வாங்கியவரிடம் ஜி.எஸ்.டி. ரசீது கேட்டு மல்லுக்கட்டினால், மறுநாள் அவர் கயிறு வாங்கப் போக மாட்டார், யூனிட் காத்துக்கிடக்கும். எந்தச் சில்லறைச் செலவை நம்பி விடுவது, எதைப் பிடித்து நிறுத்துவது என்பது அனுபவத்தில் வருகிற பக்குவம். மாறாக நட்சத்திரத்தோடு வரும் பரிவாரம் (மேக்கப்மேன், சமையல்காரர், பாதுகாவலர், கூடுதல் வேன்) பட்ஜெட்டைத் தின்கிறது என்று 2024ல் மும்பைத் தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகவே குமுறினார்கள். அந்த பில்களைக் கேள்வி கேட்கக் கணக்காளருக்குத் துணிவு மட்டும் போதாது, தயாரிப்பாளரின் ஆதரவும் வேண்டும்.

வரிச் சட்டம் தனிக் காடு. தொழில்நுட்பக் கலைஞருக்கு ஒரு விகிதத்தில் வரிப் பிடித்தம், கான்ட்ராக்டருக்கு வேறு விகிதம். தவறினால் செலவின் ஒரு பகுதியே கழிவாக ஏற்கப்படாமல் போகலாம். ஒரு படத்தில் ரூ. 50,000-க்கு மேல் பெற்ற ஒவ்வொருவரின் விவரத்தையும் தயாரிப்பாளர் தனிப் படிவத்தில் தர வேண்டும் என்றது 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம். 2025ல் நிறைவேறிய புதிய சட்டம் பிரிவு எண்களையெல்லாம் மாற்றிவிட்டது. பழம் தின்று கொட்டை போட்டவர்களும் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே கதை.

வேலைவாய்ப்பு விரிந்திருப்பது உண்மை. 2016ல் நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் இந்தியாவுக்குள் வந்தன. இத்தகைய நிறுவனங்களுக்குப் படத்தின் முடிவில் ஒரு கணக்குக் காட்டினால் போதாது; அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செலவு அறிக்கை வேண்டும். வெளிநாட்டுப் படங்களை ஈர்க்கும் ஊக்கத்தொகையை மத்திய அரசு 2023 நவம்பரில் உயர்த்தி, இந்தியாவில் செய்யும் தகுதியான செலவில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் ரூ. 30 கோடி திரும்பத் தருவதாக அறிவித்தது. எந்தச் செலவு தகுதியானது என்பதைத் தணிக்கையாளர் ஏற்கும்படி முதல் நாளிலிருந்தே பிரித்து எழுதிவைப்பவர் கணக்காளர். அவர் சோம்பினால் போவது கோடிகள்.

நுழைய விரும்புகிறவருக்கு பி.காம் அல்லது சி.ஏ. இடைநிலை, டாலி, எக்செல் ஆகியவை வாசல் வரை கொண்டுவிடும். மும்பையில் இந்தி பேசத் தெரியாமல் வண்டி ஓடாது. பெரும்பாலோர் தொடங்குவது வவுச்சர் அடுக்கும் உதவியாளராகத்தான். வேலை நேரம் ஷிப்டோடு நீளும். நட்சத்திரத்தின் உண்மைச் சம்பளம் தெரிந்த வெகு சிலரில் ஒருவராக இருந்துகொண்டு, வீட்டில் கூட வாய் திறக்காமல் இருக்கவும் வேண்டும்.

இதில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. மும்பைப் பட, டிவி உலகில் தினக்கூலித் தொழிலாளிக்கு 90 நாள் கழித்துச் சம்பளம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 2020 மார்ச் 19 முதல் படப்பிடிப்புகள் நின்றபோது, லைட்மேன்களும் ஸ்பாட்பாய்களும் வருமானம் இழந்தார்கள். அதற்கு முன் செய்த வேலைக்கே பலருக்குக் கூலி பாக்கி. அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பது தயாரிப்பாளரின் மனதையும் வங்கி இருப்பையும் பொறுத்தது என்றாலும், யாருக்கு எத்தனை ஷிப்ட், எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் சுத்தமாக இல்லாத அலுவலகத்தில் அந்த வாக்குவாதத்தில் தோற்பது தொழிலாளிதான். அவரிடம் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இருக்காது. கணக்காளரின் ஏட்டில்தான் இருக்கும்.

கடைசி ஷாட் முடிந்து 'பேக்-அப்' குரல் எழும்போது மற்றவர்கள் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். கணக்காளர் அதன் பிறகும் மாதக்கணக்கில் அதே படத்தோடு இருப்பார். லொக்கேஷனுக்குக் கட்டிய டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும். தொலைந்துபோன வாக்கிடாக்கி இரண்டுக்கு யார் பொறுப்பு என்று பேசி முடிக்க வேண்டும். 90-ம் நாள் கேட்டில் வந்து நிற்பவரின் ஷிப்ட் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இதற்குள் அடுத்த படத்தின் திரைக்கதை அவர் மேஜைக்கு வந்திருக்கும். அதில் யானை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.