நாணயங்களின் உடைமை வரலாறு

நாணயத்தின் உடைமை வரலாறு என்பது, ஒரு பழைய நாணயம் எங்கே கிடைத்தது, யார் யார் கைக்கு மாறியது என்பதைக் காட்டும் பதிவு ஆகும். அதன் விலை, நம்பகத்தன்மை, விற்கும் உரிமை மூன்றும் இதைச் சார்ந்துள்ளன.

விலையும் உரிமையும்

1933இல் அமெரிக்கா அச்சிட்ட 20 டாலர் தங்க நாணயம் புழக்கத்திற்கு விடப்படவில்லை. எகிப்து மன்னர் பாரூக்கிடம் இருந்ததாகக் கருதப்படும் நாணயத்திற்கு 1944இல் ஏற்றுமதி உரிமம் தரப்பட்டிருந்தது. அதனால் அந்த ஒன்றை மட்டும் தனியார் வைத்திருக்கலாம். 2021இல் அது ஏறத்தாழ 1.89 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டு முத்திரை கொண்ட வேறு பத்து நாணயங்கள் ஒரு குடும்பத்திடம் இருந்தன. அவை அரசுக்கே சொந்தம் எனத் தீர்ப்பானது.

கள்ளக்குறிச்சிப் பகுதி

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர், சங்ககால மலையமான்களின் ஊர். குதிரை உருவமும் தமிழ் பிராமியில் 'மலையமான்' என்ற பெயரும் கொண்ட செப்பு நாணயங்களை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். இத்தகைய நாணயம் கிடைத்த இடம் பதிவாகாமல் கைமாறினால், அது அசலா போலியா என்ற ஐயம் எழும். அங்கே யார் வாழ்ந்தனர், எங்கெங்கு வணிகம் நடந்தது என்பதற்கான சான்றும் அழியும். முன்பு வைத்திருந்தவர் பளபளப்புக்காகப் புளியிட்டுத் தேய்த்திருந்தாலும் மதிப்பு குறையும்.

சட்டம்

வயலிலோ கல்வராயன் மலைச்சரிவிலோ மண்ணில் புதைந்து கிடைக்கும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. ஆட்சியரிடம் தரும் அந்த முதல் தகவலே நாணயத்தின் உடைமை வரலாற்றில் முதல் வரியாகிறது.