காகிதச் சுவர் (விழி வீடு – 12)

தெருவில் கிரிக்கெட். மேலே பறந்த பந்தைப் பிடிக்க இரண்டு பையன்கள் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். ஒருவனுடைய முழங்கை இன்னொருவன் கண்ணில் இடிக்கிறது. அடிபட்டவனுக்குப் பத்து வயது. ஐஸ் வைக்கிறார்கள். கண் சிவக்கவில்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. “ஒண்ணும் இல்லடா, வா” என்று அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன் வாந்தி எடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். தலை சுற்றுது என்று சுருண்டு படுக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் நாடித் துடிப்பு குறைவாக இருக்கிறது. அடிபட்ட பிள்ளை, வாந்தி, மந்தமான நாடி. தலைக்குள் ரத்தக் கசிவோ என்றுதான் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றும். மூளைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். மூளையில் ஒரு குறையும் இல்லை. “ரெண்டு நாள் வெச்சுப் பார்ப்போம்.”

கண்குழி அறுவை செய்யும் மருத்துவர் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பையனைப் பற்றிச் சொல்வார். அந்த இரண்டு நாளில்தான் அவன் கண்ணின் அசைவு கைவிட்டுப் போகிறது.

என்ன நடந்தது என்று புரிய, கண் குடியிருக்கும் அறையைப் பார்க்க வேண்டும். ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டிய குழி. பெரியவர்களுக்கு அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லி; இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதில் விழி பிடிப்பது 7 மில்லி அளவுதான். மீதி இடத்தில் தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக் குழாய். பொட்டுப் பக்கத்துச் சுவர் தடிமனானது. மூக்குப் பக்கத்துச் சுவருக்கு உடற்கூறியலில் லாமினா பாப்பிரேசியா என்று பெயர், அதாவது காகிதத் தகடு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தரையும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தத் தரைக்குக் கீழே கன்னத்து சைனஸ் என்கிற காற்றறை. எந்த மேஸ்திரியாவது இப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்தால் கூலியைப் பிடித்துக்கொள்வோம்.

ஆனால் அடி விழும்போது அந்த மெல்லிய தரை பல சமயம் விழியைக் காப்பாற்றி விடுகிறது. கண்குழியின் வாசல் சுமார் 4 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம். கிரிக்கெட் பந்து 7 செ.மீ. உள்ளே புக முடியாமல் எலும்பு விளிம்பில் மோதி நிற்கிறது. மோதிய வேகத்தில் குழிக்குள் அழுத்தம் ஏற, விழி கிழிவதற்கு முன் தரை உடைந்து அழுத்தம் கீழே இறங்கி விடுகிறது. கில்லியும் பேட்மிண்டன் பூப்பந்தும் அப்படி இல்லை. அவை வாசலுக்குள் நேரே நுழைந்து விழியையே தாக்கும். கண் மருத்துவர்கள் பெரிய பந்தை விடச் சின்னக் கில்லிக்கு அதிகம் பயப்படுவது இதனால்தான்.

இந்த முறிவுக்கு ‘ப்ளோ-அவுட்’ என்று 1957-இல் பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் பைரன் ஸ்மித்தும் வில்லியம் ரீகனும். அவர்கள் செய்து பார்த்த சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஒரு சடலத்தின் கண்மீது, அயர்லாந்துக்காரர்களின் ஹர்லிங் ஆட்டப் பந்து ஒன்றை வைத்து, சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பு அப்படியே இருக்க, தரை மட்டும் உடைந்தது.

பெரியவர்களின் எலும்பு முருங்கைக் கிளை மாதிரி, படக்கென்று முறிந்துவிடும். பிள்ளைகளின் எலும்பு பச்சை வேப்பங்குச்சி. நார் விடாமல் வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அடி விழும் நொடியில் தரை கீழ்நோக்கித் திறக்கிறது, விழிக்கு அடியில் ஓடும் தசை அந்தப் பிளவுக்குள் இறங்குகிறது, மறு நொடியே எலும்பு மூடிக்கொள்கிறது. பஸ் கதவில் மாட்டிய முந்தானை மாதிரி தசை சிக்கிக்கொள்கிறது. வெளியே ரத்தக்கட்டு இல்லை, கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மருத்துவர்கள் இதை ‘வெள்ளைக்கண் முறிவு’ என்றே அழைக்கிறார்கள். உள்ளே நசுங்கிய தசைக்கு ரத்தம் போவதில்லை. ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்து விடாவிட்டால் அது தழும்பாகி இறுகிப்போகும். பிறகு அறுவை செய்தாலும் பையன் மேலே பார்க்கும்போது உலகம் இரண்டாகத் தெரிவது முழுதாகப் போகாமல் நின்றுவிடலாம்.

அப்படியானால் வாந்தியும் மந்த நாடியும் எங்கிருந்து வந்தன? கண் தசையை இழுத்தால் இதயம் மெதுவாகும். கண்ணுக்கும் இதயத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1908-இலேயே பதிவானது. முகத்தின் உணர்வு நரம்பு வழியாக மூளைத் தண்டுக்குப் போகும் சேதி, வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. சிக்கிய தசையை அவன் ஒவ்வொரு முறை கண்ணைத் திருப்பும்போதும் இழுக்கிறான். அதனால்தான் சில பிள்ளைகள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்பார்கள். அதை அடம் என்று நினைத்து அதட்டுகிறவர்களும் உண்டு.

மூளைக்கு எடுத்த ஸ்கேன் இதை ஏன் காட்டவில்லை? தலையைக் கிடைவாட்டத்தில் சீவிய படங்கள் அவை. தரையும் கிடைவாட்டத்தில்தான் இருக்கிறது. தோசையை அதன் மட்டத்திலேயே சீவினால் ஓட்டை எப்படித் தெரியும்? முகத்துக்கு நேரே, நெடுக்குவாட்டில் வெட்டிய படம் வேண்டும். அதில்கூடச் சில சமயம் எலும்பு பிளந்ததே தெரியாது. இருக்க வேண்டிய இடத்தில் தசை மட்டும் காணாமல் போயிருக்கும்.

இத்தனைக்கும் முதல் பரிசோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொன்னால் போதும். ஒரு கண் ஏறி, மற்றது பாதியில் நின்றுவிட்டால் அன்று ராத்திரியே கண்குழி பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். கன்னமும் மேலுதடும் மரத்திருந்தாலும் சந்தேகப்படலாம். அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பு இந்தத் தரை வழியாகத்தான் ஓடுகிறது. அறுவையில் கீழிமையின் உட்புறத்தைக் கீறி இறங்குவார்கள், வெளியே தழும்பு இருக்காது. தசையை விடுவித்து, தேவைப்பட்டால் மெல்லிய தகடு ஒன்றைத் தரையில் விரிப்பார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அவசரம் கிடையாது, வீக்கம் வடிய ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்கலாம். அதுவரை மூக்கை மட்டும் பலமாகச் சிந்தக் கூடாது. சைனஸ் காற்று கண்குழிக்குள் ஏறி இமை பலூன் மாதிரி உப்பிவிடும்.

ஸ்மித்தும் ரீகனும் தரை உடைவதற்குப் பெயர் வைத்த அதே 1957-இல், அமெரிக்காவின் இன்னொரு மூலையில் வால்ஷ், ஒகுரா என்ற இரண்டு காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அதே தரையைத் தாங்களே உடைத்து எடுப்பதைப் பற்றி எழுதினார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வழி செய்து, கன்னத்து சைனஸுக்குள் புகுந்து, கண்குழியின் தரையையும் மூக்குப் பக்கத்துச் சுவரையும் பெயர்த்தார்கள். அது தைராய்டுக் கண்ணுக்கான வைத்தியம்.

டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்து, இன்றும் அவர் பெயரில் இருக்கும் தைராய்டு நோயில், உடலின் எதிர்ப்பு சக்தி கண் தசைகளையும் கொழுப்பையும் தாக்கி வீங்க வைக்கிறது. 30 மில்லி அறையில் சாமான் கூடினால் எங்கே போகும்? சுற்றிலும் எலும்பு, வாசல் முன்னால். விழி வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. மேலிமை மேலே இழுத்துக்கொள்ள, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறது. இந்த நோய் வந்த பெண்களை நம் ஊரில் ‘முறைக்கிறா’ என்றும் ‘திமிர்’ என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நோய்க்குக் குணத்தின் பெயரைச் சூட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள். இமை மூடாமல் தூங்கும் அவளுக்கு ராத்திரியெல்லாம் கருவிழி காய்ந்து எரிகிறது என்பதை யார் கேட்டார்கள்?

பெரிய ஆபத்து பின்னால் இருக்கிறது. வீங்கிய தசைகள் குழியின் குறுகிய முனையில் பார்வை நரம்பை நெரிக்கும். முதலில் சிவப்பு நிறம் வெளுத்துத் தெரியும். ஸ்டீராய்டு கேட்காவிட்டால் சுவரை உடைப்பதுதான் வழி. இப்போது ஈறு வழியாக அல்லாமல் மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பிலேயே பல சமயம் செய்து விடுகிறார்கள். உடைத்த சுவர் வழியே கொழுப்பும் தசையும் சைனஸுக்குள் இறங்க, நரம்பு மூச்சு விடுகிறது. அதற்கு விலை உண்டு. சிலருக்குப் புதிதாக இரட்டைப் பார்வை வரும்.

நரம்புக்கோ கருவிழிக்கோ ஆபத்து இல்லையென்றால் நோய் அடங்கும்வரை காத்திருந்து, வரிசையாகத்தான் செய்ய வேண்டும்: முதலில் சுவர், பிறகு மாறுகண், கடைசியில் இமை. வருகிறவர்கள் கேட்பது தலைகீழாக இருக்கும். கண்ணாடியில் தெரிவது இமைதானே. ஆனால் சுவரை எடுத்தால் தசையின் இழுவை மாறும், தசையைத் தொட்டால் இமையின் உயரம் மாறும். முதலில் தைத்த இமையை மறுபடி தைக்க வேண்டி வரும். 2020-இல் அமெரிக்கா அனுமதித்த டெப்ரோடுமுமாப் என்ற ஊசி மருந்து அறுவை இல்லாமலேயே விழியை உள்ளே இறக்கக்கூடியது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது: சிகரெட்டை விடுவது. புகை இந்த நோயை முற்ற வைக்கும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் காகிதச் சுவர் வழியாக வேண்டாதவர்களும் வருவார்கள். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்த கருப்புப் பூஞ்சை, சைனஸிலிருந்து கண்குழிக்குள் புகுந்தது. உயிரைக் காக்கச் சிலருக்கு விழி, தசை, இமை எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. அது தனிக் கட்டுரைக்கு உரிய துயரம், பிறகு வருகிறேன்.

அடுத்த வாரம் இமைக்கு மட்டும். 1883-இல் லண்டன் மருத்துவர் மார்கஸ் கன், 15 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். ஓர் இமை பிறவியிலிருந்தே தொங்கியிருந்தது. தாடையை அசைக்கும்போதெல்லாம் அது தானாக மேலே துள்ளியது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளிடம் அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பால் கொடுக்கும் தாய்தான்.